பெரிய வியாழன்

“வியாழக்கிழமைப் பூசைக்கு முன்னால வந்துருவேன். வெள்ளைச் சட்டையைத் தேச்சு வை” என்று மனைவி பிரகாசியிடம் சொல்லிவிட்டுத்தான் சந்தியாகு கடலுக்குப் போனான்.

மறுநாள் கவிழ்ந்த வள்ளம் மட்டும் கிடைத்தது. பெரிய வியாழன் காலையில் கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. முகத்தை மீன்கள் தின்றிருந்தன. உடம்பில் துணி இல்லை.

கொழுந்தன் அருளானந்து குனிந்து பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

“மதினி, அண்ணன் இல்ல! பாதத்தைப் பாருங்க, ஒரு வெடிப்பு இல்ல. கடலுக்குப் போறவன் காலா இது? எவனோ ராம்நாட்டு ஆபீஸ்காரன்.”

கூடியிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். “அந்தோணியாரே, காப்பாத்திட்டீரு!” என்று ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். “குருசடைத் தீவுல ஒதுங்கியிருப்பான் பிரகாசி. வந்துருவான் பாரு.”

பிரகாசி போய் அந்தக் கால்மாட்டில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இவருதான்” என்றாள். “இயேசு சீடருங்க காலைக் கழுவுன மாதிரி, இன்னைக்குப் பூசையில சாமியார் கால் கழுவுற பன்னிரண்டு பேர்ல ஒருத்தரா இவரை உக்காரச் சொல்லியிருந்தாங்க. சாமியார் முத்தம் வைக்கப்போற காலு வெடிச்சுக் கிடக்கக் கூடாதுன்னு தவக்காலம் முழுக்க நான்தான் கல்லு வச்சுத் தேச்சு எண்ணெய் போட்டேன். ‘பேதுருவும் மீன்பிடிக்கிறவருதான்டி, அவரு காலு மட்டும் பஞ்சு மாதிரியா இருந்துச்சு?’ன்னு சிரிச்சாரு.”

அருளானந்து மணலில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று மாலைப் பூசையில், சந்தியாகுவின் இடத்தில் வேறொருவரை உட்காரவைத்து, சாமியார் வழக்கம்போலப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார்.