வெளியேறிய நேரம்

"அது நம்ம வரி இல்ல, வெர்ல். பென்சிலைக் கீழ வை," என்றாள் அவர் மனைவி ஆர்டித்.

வெர்ல் வைக்கவில்லை. தெற்கு யூட்டா நடைப்பயணச் சங்கத்தின் ஒன்பது வருடத் தலைவர் அவர். பள்ளத்தாக்கின் வாசலில், இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாகக் கிடப்பது அவருக்குப் பொறுக்காது.

உள்ளே போகிறவர்கள் பெயரும் நேரமும் எழுத வேண்டும். திரும்பியதும் வெளியேறிய நேரத்தை எழுத வேண்டும். ஞாயிறு மாலை வனக்காவலர் வந்து பார்ப்பார். யாருடைய கட்டம் காலியோ, அவரைத் தேடிக் கிளம்புவார். அப்புறம் அடுத்த ஞாயிறுதான்.

இன்று ஞாயிறு. காலியாக இருந்தது ஒரே ஒரு கட்டம். ஓரின் டோல்மன், தனியாள், நேற்றுக் காலை ஏழு மணி. எல்லோரும் பெட்டியில் கட்டியிருந்த பென்சிலால் எழுதியிருக்க, அவர் மட்டும் பச்சை மையில், இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தார்.

"துரைக்குப் பொதுப் பென்சில் ஆகாது போல," என்றார் வெர்ல். "நேத்தே வீட்டுக்குப் போயிருப்பான். இந்நேரம் பான்கேக் தின்னுட்டிருப்பான். இவனுக்காக ஹெலிகாப்டர் பறக்கணுமா?"

"போகலேன்னா?"

அதற்குள் அவர் நேற்றைய நேரமாக எழுதி முடித்துவிட்டார்: 'மாலை 4 மணி. நலம்.' அதன் கீழே தங்கள் இருவர் பெயரையும், காலை ஒன்பது என்று நேரத்தையும் எழுதி, பெட்டியை மூடினார்.

"தலைவரே, அடுத்தவன் வரியில எழுதறது எந்த விதியில வருது?" என்று கேட்டாள் ஆர்டித். தலைவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

உள்ளே போகப் போகச் செம்பாறைச் சுவர்கள் நெருங்கி வந்தன. ஓரிடத்தில் தோள் உரசித்தான் நுழைய முடிந்தது. மணலில் ஒரு காலடித் தடமும், பக்கத்தில் எதையோ இழுத்த கோடும் தெரிந்தன. உள்ளே போன தடம்தான். திரும்பி வந்த தடம் இல்லை. மான் போயிருக்கும் என்றார் வெர்ல்.

"பூட்ஸ் போட்ட மானா?"

வழி பிரியும் இடங்களில் யாரோ வழி காட்டச் சிறு கல்லடுக்குகள் வைத்திருந்தார்கள். வழி தெரிந்தவனுக்கு இது அவமானம் என்று வெர்ல் ஒவ்வொன்றையும் உதைத்துச் சரித்தார். மதியம், மாட்டிறைச்சி வற்றலை மென்றுகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. கல்லில் கல் தட்டும் சத்தம். மூன்று தட்டு, இடைவெளி, மறுபடி மூன்று.

மூன்று தட்டினால் உதவி கேட்பதாக அர்த்தம் என்று சங்கத்தின் கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறதே என்றாள் ஆர்டித். வெயிலில் பாறை விரிகிறது என்றார் கையேட்டை எழுதிய வெர்ல். அவள் எழுந்து, ஓரின் என்று உரக்கக் கூப்பிட்டாள். சத்தம் நின்றது. அப்புறம் வரவேயில்லை.

திரும்பும்போது முதல் பிரிவிலேயே வெர்லுக்கு வழி மறந்துவிட்டது. அதைச் சொல்ல வாய் வருவதற்குள், எதிரே ஒரு கல்லடுக்கு தெரிந்தது. காலையில் அவர் சரித்தது, மறுபடி ஒழுங்காக நின்றது. அடுத்த பிரிவிலும் ஒன்று. இந்த முறை அவர் உதைக்கவில்லை. தொப்பியைக் கழற்றாத குறையாகப் பின்தொடர்ந்தார்.

நான்கு மணி தாண்டியதும் வழி முடிந்தது. எதிரே செங்குத்துச் சுவர். அடியில் கடைசிக் கல்லடுக்கு. வெர்ல் தடுக்கி விழுந்ததில் கணுக்கால் பூசணியாக வீங்கிவிட்டது. ஆர்டித் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கல்லடுக்கும் இல்லை.

தண்ணீர் அரைப் புட்டி மிச்சம். அவள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பயப்படாத. நம்ம கட்டம் காலியாத்தானே இருக்கு? சாயங்காலம் பார்த்ததும் தேடி வந்துடுவாங்க."

வெர்லுக்கு உயிர் வந்தது. "அதுக்குத்தான் சொல்றேன், பதிவேடு சரியா இருக்கணும்னு."

ஆறு மணிக்கு வனக்காவலர் டீலாய் இரும்புப் பெட்டியைத் திறந்து, வரிவரியாக விரலை ஓட்டினார். காலிக் கட்டம் எதுவும் இல்லை. நிம்மதியாக மூடிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வண்டியைக் கிளப்பினார்.

வெர்ல், ஆர்டித் பெயர்களுக்கு நேரே எழுதியிருந்தது: 'மாலை 4 மணி. நலம்.' இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. பச்சை மை இன்னும் காயவில்லை.