கடைசி கம்ப்யூட்டர் சீட்டு

மழை விட்ட வெளிச்சமா, வெறும் மேகமூட்டமா என்று இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பொறியியல் சேர்க்கைக் கூடத்தின் ஜன்னலில் ஏதோ ஒரு வெள்ளிநிறம் படிந்திருக்கிறது. திரைக்கு முன்னால் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா ஆசைப்படும் கம்ப்யூட்டர் பிரிவில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். சிவிலில் நிறைய இருக்கிறது. எதிரே, பாதி எழும்பிய கட்டடத்தின் மேல், ஒரு கிரேன் இரும்பு உத்தரத்தைத் தூக்கிக்கொண்டு தூக்கத்தில் புரள்வதுபோல மெல்லத் திரும்புகிறது. அவள் கை மவுஸின் மேல் இருக்கிறது, கண் அங்கே இருக்கிறது. “அமுக்கும்மா, இதையே இன்னும் எத்தனை பேர் பாத்துட்டிருக்காங்களோ,” என்கிறார் அப்பா. “கொஞ்சம் இருப்பா.” “இருக்கிறதுக்கு இது என்ன பஸ்ஸா, அடுத்தது வரும்னு?” மேசைக்கு அந்தப்பக்கம் அலுவலர் சிரித்துவிடுகிறார். உத்தரம் காற்றில் அசையாமல் நிற்கிறது. பிறகு ஓசையே இல்லாமல் தூண்களின் மேல் படிகிறது. திரையில் கம்ப்யூட்டருக்கு நேரே இருந்த ஒன்று பூஜ்யமாகிறது. “போச்சு!” அப்பா தலையில் கைவைக்கிறார். “சிவில் இருக்குப்பா,” என்று சொல்லி அவள் அமுக்குகிறாள். விரல் தயங்கவே இல்லை.

இப்போது அவள் பாலங்கள் கட்டுகிறாள். அலுவலர் ஓய்வு பெற்றுவிட்டார். கண்மூடித் திறப்பதற்குள் சீட்டை யாரோ தட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் அப்பா இன்னமும் எல்லோரிடமும் சொல்கிறார். அவள் ஒருநாளும் அதைத் திருத்தியதில்லை.