அந்தக் கறுப்பு மரம்

"மரத்திலை துவங்கு, தம்பி. பிறகு அந்தக் குட்டி ஊருக்கு வா. நிலாவைக் கடைசியா வை. உன்ரை குசினிச் சமையல் கதையை மட்டும் எடுத்துப்போடாதை, விளங்கிச்சோ?"

தொலைபேசியில், கலியாணம் பேசிவைக்கிற மொனிகா அக்கா அதட்ட அதட்ட, அருங்காட்சியக வாசலில் நின்ற ஜெனிஸ்டன் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். போனில் தலையாட்டினால் அக்காவுக்குத் தெரியுமா என்ன? அவ்வளவு பதற்றம்.

இருக்காதா பின்னே! வயது முப்பத்தைந்தை எட்டிப்பிடிக்கப் போகிறது. இத்தாலியின் பலேர்மோ நகரில், வியா மக்வேதா தெருவில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. வந்த சம்பந்தமெல்லாம் கைநழுவிப் போய்விட்டது. இப்போது பேச்சு வந்திருப்பதோ றம்யாவுக்கு. ஞாயிறு பூசையில் பாடகர் குழுவின் முன்வரிசையில் நிற்பாளே, அந்த றம்யா. அவள் பாடுகிற அழகில், எழும்ப வேண்டிய நேரத்தில் இருந்தும் இருக்க வேண்டிய நேரத்தில் எழும்பியும் பாதிரியாரிடம் முறைப்பு வாங்கியவன் ஜெனிஸ்டன்.

"பிள்ளைக்குப் படமெண்டால் உயிர். ரசனை இல்லாத மாப்பிள்ளையைக் கண்ணிலையும் காட்டப்படாதாம்" என்று சொல்லி, இருவரும் சந்திக்க இந்த இடத்தைப் பிடித்ததும் மொனிகா அக்காதான். காதை அறுத்துக்கொண்ட அந்த ஓவியரின் நட்சத்திர இரவுப் படம் ஒன்று பலேர்மோவுக்கு வந்திருந்தது. ஜெனிஸ்டன் வெங்காயம் உரித்தபடியே அந்தப் படத்தைப் பற்றிய வீடியோவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற அளவுக்கு வந்துவிட்டான்.

உள்ளே போனால் தேர்க்கூட்டம்! துறைமுகத்துக்கு ஏதோ உல்லாசக் கப்பல் வந்திருக்க வேண்டும். அத்தனை பேரும் அந்த ஒரு படத்தின் முன்னால் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தலைகளுக்கு மேலே கொஞ்சம் நீல வானமும் சில நட்சத்திரங்களும் மட்டுமே தெரிந்தன.

கூட்டத்துக்குப் பின்னால் றம்யா நின்றாள். இளம்பச்சைச் சுடிதார். ஜெனிஸ்டனுக்கு அந்த வானமும் மறந்துபோனது.

"வாங்கோ. உங்களுக்குப் படமெண்டாப் பைத்தியமாம், மொனிகா அக்கா சொன்னவ" என்றாள்.

அடிப்பாவி அக்கா, எவ்வளவு அளந்து விட்டிருக்கிறாள்! "சீச்சீ, சும்மா கொஞ்சம்" என்று நெளிந்தான்.

"கிட்டப் போய்ப் பாப்பமோ?"

கிட்டப் போனால் பாடத்தில் இல்லாத எதையாவது கேட்டுவிடுவாளே! "இதுகளைத் தள்ளி நிண்டுதான் பாக்கவேணும்" என்றான்.

"ஓமோம், நானும் அதைத்தான் சொல்ல வந்தனான்" என்று றம்யா சட்டென்று ஒப்புக்கொண்டாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடியே தொடங்கினான். "அந்தக் கறுப்பு மரத்தைக் கவனிச்சனீங்களோ? நெருப்புச் சுவாலை மாதிரி எழும்புது. மண்ணையும் வானத்தையும் சேர்த்துக் கட்டினமாதிரி."

றம்யாவின் கண்கள் விரிந்தன. "ஓம்! கீழை அந்தக் குட்டி ஊர் நித்திரை. வானம் மட்டும் முழிச்சிருக்கு, என்ன?"

அம்மாடி, என்ன ரசனை! அவன் சொல்ல வைத்திருந்த அடுத்த வசனமே அதுதான். பெரிய ரசிகர்களுக்கெல்லாம் ஒரே மாதிரித்தான் தோன்றும் போல என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"அந்தப் பிறை நிலா..." என்றாள் அவள்.

"வலப்பக்க மூலையிலை. அந்தத் தொப்பிக்காரன் மறைச்சுக்கொண்டு நிக்கிறான்."

"விசரன்!" என்றாள் றம்யா. இருவரும் சேர்ந்து தொப்பிக்காரனை முறைத்தார்கள்.

அந்தச் சந்தோசத்தில் ஜெனிஸ்டனின் வாய் தவறிவிட்டது. "அந்த வானத்து வெள்ளியளைப் பாருங்கோவன். எண்ணெய்க்குள்ளை முட்டை உடைச்சு ஊத்தினமாதிரி..."

போச்சு! குசினி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

றம்யா முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். "மெய்தான்! முட்டைப் பொரியலேதான்!"

அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. இப்படிச் சிரிக்கிற ஒருத்தியோடு காலம் முழுக்க இருந்துவிடலாம் என்று தோன்றியது.

அந்த நேரம் வழிகாட்டி கொடியைத் தூக்க, கப்பல் கூட்டம் மொத்தமும் அடுத்த மண்டபத்துக்கு நகர்ந்தது.

"ஒரு செல்ஃபி எடுப்பமோ? அம்மாவுக்கு அனுப்பவேணும்" என்றாள் றம்யா வெட்கத்தோடு.

அம்மாவுக்கு! அப்படியென்றால் சம்மதம்தான். மாதாவுக்கு மனத்துக்குள் மெழுகுதிரி நேர்ந்துகொண்டே, படத்துக்கு முதுகைக் காட்டி அவள் பக்கத்தில் நின்று போனை உயர்த்தினான்.

திரையில் இரண்டு முகங்கள். பின்னால், முதல் தடவையாக, முழுப் படம்.

நட்சத்திரங்கள் இருந்தன. ஆனால் கீழே ஆறு ஓடியது. கரை விளக்குகள் தண்ணீரில் நீள நீளமாக விழுந்து கிடந்தன. கரையோரம் படகுகள். கைகோத்து நடக்கிற ஒரு சோடி. நிலாவைக் காணோம். மருந்துக்கும் ஒரு மரம் இல்லை.

ஜெனிஸ்டனின் காது சுட்டது. படத்தைக் கரைத்துக் குடித்தவளிடம் இல்லாத மரத்தையல்லவா வர்ணித்திருக்கிறான்! அவள் சிரித்தது முட்டைக்கல்ல, இந்த மடையனுக்கு. எல்லாம் போச்சு. திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பேயறைந்தவள் போலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்த றம்யா, அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஐயோ மாதாவே! அப்ப நான் ஒரு கிழமையா இருந்து பாடமாக்கினது வேறை படமோ?"