பரீட்சைக்கு முன்னாடி ஒரு டப்பா உப்புமா

சிதம்பரத்துல பரீட்ச ஹாலுக்கு வெளிய, வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சுல நித்யஸ்ரீயும் அவ வூட்டுக்காரர் ராஜகணேஷும் ஒக்காந்திருக்காங்க. எதுத்த பெஞ்சுல நானு. வெயிலு எல வழியா எறங்கி அவ புடவையில புள்ளி புள்ளியா ஆடுது. அவ மடியில சோஷியாலஜி புக்கு, அவரு கையில எவர்சில்வர் டப்பா, உள்ள உப்புமா. பெண்ணாடம் பக்கம் சக்கர மில்லுல வேல பாக்குறவரு, இன்னிக்கு லீவு போட்டுட்டு அவரே கிண்டி எடுத்தாந்திருக்காரு. இந்தப் பேப்பரு அவளுக்கு ஏற்கனவே ஒரு தடவ போயிடுச்சு, இப்பவும் போச்சுன்னா டிகிரி கெடைக்காதாம். அவ கண்ண மூடிக்கிட்டு ஒப்பிக்கிறா, நடுவுல மூச்சு வுடுறப்பல்லாம் அவரு ஒரு ஸ்பூன் ஊட்டுறாரு. "மார்க்சியவாதிங்க என்னா சொல்றாங்கன்னா, வூட்டுல பொம்பள சோறாக்கி, துணி தொவச்சு, ஆம்பளய தெம்பாக்கி மறுநாள் வேலைக்கு அனுப்புறா. லாபம் மொதலாளிக்குப் போவுது, அவளுக்குக் கூலி கெடயாது." ஸ்பூனு அப்படியே அந்தரத்துல நிக்குது. "அப்ப இத்தன வருஷமா நீயும் எங்க மில்லுலதான் வேல பாத்தியா?" "ஆமா மாமா, சம்பளம் மட்டும் நீங்க வாங்குனீங்க." அவரு சிரிக்கிற சிரிப்புல மரத்துல இருந்த அணிலு ஓடுது. "எல்லாம் வருது மாமா, உதாரணம்தான் மறந்து மறந்து போவுது"ங்கறா. மணி அடிக்குது. பாதி தூரம் ஓடுனவ நின்னு திரும்பி, ஒதட்டுல ஒட்டுன ரவையத் தொடச்சிக்கிட்டே கத்துறா. "மாமா, உதாரணம் கெடச்சிடுச்சு! கூலி இல்லாம கிண்டுன ஒங்க உப்புமாவத்தான் எழுதப்போறேன்!" காலி டப்பாவக் கொழாயில அலசிக்கிட்டே அவரும் கத்துறாரு. "எழுது, எழுது. உப்பு கம்மின்னு மட்டும் எழுதிடாத!"