நகமளவு சாட்சி

கேமராவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அது மேலே வந்துவிடாதபடி இரு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தான் பவன். கடைசிக் குமிழி வாளியின் விளிம்பில் வெடித்து அடங்கியது.

"இன்னாடா, அதையும் முழுக அடிச்சுக் கொல்றியா?" என்றாள் அவன் தாய் பார்வதம்மா.

"கொல்லலைம்மா, பொழைக்க வெக்கிறேன். கடல் உப்பு காஞ்சு மூடியில ஒட்டிக்கினு இருக்குது. இப்படியே தொறந்தா ரப்பரை அறுத்துக்கினு உள்ள பூந்து மெமரி கார்டைத் தின்னுடும். நல்ல தண்ணியில ஊறணும். அண்ணன் சொல்லிக் குடுத்தது."

அண்ணன் சிவகுமார் இறந்து அன்றோடு ஆறு நாள். தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் பிறந்து, மேற்குக் கடற்கரையின் அலைச்சறுக்குப் பள்ளி ஒன்றில் தம்பியோடு வேலை பார்த்தவன். வசதியுள்ளோர் விளையாடிக் களைத்த பலகைகளைக் கழுவுவதும், அவர்கள் உடைகளை நிழலில் உலர்த்துவதும் அவன் பணி.

காலையும் பலகையையும் பிணைக்கும் கயிறு உப்பில் வெடித்துவிட்டது, மாற்றுங்கள் என்று மூன்று முறை மன்றாடினான். முதலாளி மாற்றவில்லை; அதே கயிற்றோடு பலகையைச் சோதித்துவரக் கடலுக்கு அனுப்பினான். அலையின் நடுவே கயிறு அறுந்தது, பலகை கரைக்கு வந்தது, அவன் வரவில்லை.

'குடித்துவிட்டு, கயிறு கட்டாமல் போனான்' என்று முதலாளி காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தான். உழைத்தவனைக் கடல் ஒருமுறை கொன்றது. அந்தப் பொய் மறுமுறை கொன்றது.

உண்மை அறிந்த சாட்சி ஒன்றுதான். பலகையின் நுனியில் பொருத்தப்பட்டிருந்த இந்தக் கேமரா. "பழைய கயிறே போதும், போடா!" என்று முதலாளி அதட்டிய குரலை அது விழுங்கி வைத்திருந்தது. யாரும் பார்க்குமுன் பவன் அதைக் கழற்றி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டான். அவன் கொடுத்த புகாரின் பேரில் மாலை நான்கு மணிக்கு உள்ளூர்க் காவல் நிலையத்தில் விசாரணை.

"செத்தவன் திரும்பி வர மாட்டான்டா. எனக்குன்னு இருக்கறவன் நீ ஒருத்தன். அவங்ககிட்ட மோதாத," என்றாள் பார்வதம்மா.

"குடிகாரன்னு எழுதிட்டாங்களேம்மா! அப்படியே விடறதா?"

பவன் கேமராவைத் துடைத்து உலர்த்தினான்.

"மா, சன்னலைச் சாத்து. ரப்பர் மேல ஒரு பொட்டுத் தூசி உக்காந்தாலும் போச்சு."

"டம்ப்புக் காத்துடா. சாத்திட்டா மட்டும் நிக்குமா?" என்றபடியே சாத்தினாள். வெளியே, தங்கத்தை எடுத்தவர்கள் தொழிலாளிக்கு விட்டுச்சென்ற சைனைடு மண்மேடான அந்த டம்ப் வெள்ளையாய்ப் புகைந்துகொண்டிருந்தது.

மூடி திறந்தது. விரல் நகத்தளவே இருந்த கார்டைக் காகிதத்தில் மடித்து, தாயின் கையில் வைத்தான்.

"பல்லவி லேப்டாப்பை ரிப்பேர் கடையிலேர்ந்து எடுத்துக்கினு வருவா. அவகிட்ட குடு. நான் பங்காருப்பேட்டைக்கு வக்கீலைப் பாக்கப் போறேன். வழியில என்னை மடக்குவாங்க, அதான் நான் எடுத்துக்கினு போகல."

பல்லவி அவன் மனைவி. பவன் கிளம்பிப் போனபின், அவள் வருமுன்னே அவனிடமிருந்து தொலைபேசி வந்தது.

"மா, முதலாளி ஆளுங்க கார்ல நம்ம வீட்டுக்குத்தான் வந்துக்கினு இருக்காங்களாம். பல்லவி போனை எடுக்கல. அந்தக் கார்டை உடனே டம்ப் பண்ணிடணும்மா. அவகிட்ட சொல்லு. லேட் பண்ணா எல்லாம் போச்சு!"

பார்வதம்மா நீண்ட மூச்சொன்றை விட்டாள்.

"இப்பவாச்சும் என் பேச்சைக் கேட்டியே, ராசா."

முக்கால் மணி நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் லைனுக்குள் நுழைந்தது. அண்டை வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொண்டன.

இறங்கிய மூவரும் அரிசி டப்பாவைக் கவிழ்த்தார்கள். தலையணையைக் கிழித்தார்கள். கொடியில் தலையற்ற மனிதனைப் போலத் தொங்கிய சிவகுமாரின் ரப்பர் உடையைக் கத்தியால் பிளந்து, உள்ளே கைவிட்டுத் துழாவினார்கள்.

"ஏய், கார்டு எங்க?"

"தேடுங்கப்பா. இருந்தா எடுத்துக்கினு போங்க." அவள் குரலில் நடுக்கமே இல்லை.

வெறுங்கையோடு திரும்பியபோது ஒருவன் வாசலில் நின்றான். "அது வெளிய வந்துச்சுன்னா, உன் சின்னப் பையனுக்கும் கடல்தான்."

கார் மறைந்து சிறிது நேரத்தில் பவன் ஓடி வந்தான். சிதறிக் கிடந்த அரிசியை மிதித்தபடி தாயின் தோள்களைப் பற்றினான்.

"உன்னை ஒன்னும் பண்ணலையே? டம்ப் ஆச்சாம்மா?"

"ஆச்சுடா. அவனுங்க வர்றதுக்கு முன்னாடியே ஆச்சு."

ஆறு நாளாய் இறுகியிருந்த அவன் முகம் நெகிழ்ந்தது. வாசலுக்குப் போய் வக்கீலை அழைத்தான். "மமதா மேடம், சாட்சி பத்திரமா இருக்குது. நாலு மணிக்கு எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டலாம். என் அண்ணன் குடிக்கலை மேடம்!"

அப்போதுதான் பல்லவி தோளில் பையோடு மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"அத்தே, கடைக்காரன் இப்பத்தான் குடுத்தான். கார்டை எடுங்க, லேப்டாப்புல டம்ப் பண்ணி ஒரு காப்பி வெச்சுடறேன்."

தொலைபேசியைப் பிடித்திருந்த பவனின் கை அந்தரத்தில் நின்றது.

பார்வதம்மா மருமகளை வியப்போடு பார்த்தாள்.

"இனிமே அது எதுக்குடி? உன் வூட்டுக்காரன் சொன்ன மாதிரியே, டம்ப்பு மேல ஏறிக் கண்ணை மூடிக்கினு வீசிட்டேன்!"