நாற்பத்து மூன்றாம் கம்பம்

இறந்தவரின் கடைசி விருப்பம் மலையைவிட உறுதியானது என்றார் லிண்ட்சே பெரியப்பா.

அப்பாவின் கடைசி விருப்பம் பீர் குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையின் பின்பக்கம் இருந்தது. வட்டமான ஈரக்கறைக்கு நடுவே ஒரே வரி: "என் சாம்பலை 43-இல் சேர்த்துவிடுங்கள்."

43 என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. பெரியப்பா கேட்க விடவில்லை.

பனிப்புயலில் வழி தவறாமல் இருக்க மலைமேல் எண் போட்டு நட்ட கம்பங்கள் உண்டு. அவற்றில் நாற்பத்து மூன்றாவது, அப்பா சறுக்கி இறங்கி வென்ற சரிவின் உச்சியில் நிற்கிறது. வேறென்ன இருக்க முடியும்?

பெரியப்பா பனிச்சறுக்குச் சங்கத்தின் தலைவர். பதினாறு வருடமாக. அந்தப் பதவியை வேறு யாரும் கேட்கவில்லை.

சரிவை வென்ற கதையை ஒவ்வொரு கிறிஸ்துமஸ் மதியமும் அப்பா சொல்வார். 1984, ஆகஸ்ட், எங்கள் நாட்டில் நடுக் குளிர்காலம், முன்னால் நீட்டிய கை தெரியாத புயல்.

"பதினோரு நிமிஷம். ஒரு தடவகூட விழல. கீழ வர்ற வரைக்கும் உங்கம்மா கூடவே இருந்தா, வேணும்னா கேட்டுப் பாரு."

அம்மா பன்றித்தொடை ஹாமை அறுத்துக்கொண்டே தலையசைப்பாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் உச்சியில், கம்பி வடத்தில் தொங்கியபடி மேலேறும் நாற்காலி லிஃப்டிலிருந்து ஆட்கள் இறங்கும் இடத்தில் வேலை பார்த்தாள். அப்படித்தான் இருவருக்கும் பழக்கம்.

பெரியப்பா அன்று அங்கே இல்லை. அதனால் அவர் இன்னும் விவரமாகச் சொல்வார்.

எங்கள் நடுக்கோடையான ஜனவரியில் கிளம்பினோம். அடிவாரத்து ஊரில் ஆளுக்கொரு இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்ட்ரி வாங்கி, தின்றபடியே காரில் மலையேறினோம். பழைய காட்டுத்தீயில் செத்த மரங்கள் வளைவுக்கு வளைவு வெள்ளையாக நின்றன. நுழைவுச் சாவடியில் ஆள் இல்லை. வெயில் முப்பத்தோரு டிகிரி. முன்னால் போன பெரியப்பாவின் காரில், பனியில் சக்கரத்துக்குப் பூட்டும் சங்கிலி இருந்தது.

"மலை மலைதான்" என்றார்.

விடுதிகள் எல்லாம் ஜன்னலடைத்துக் கிடந்தன. லிஃப்ட் கோபுரங்களுக்கு இடையே வெறும் கம்பி வடம் மட்டும் தொங்கியது. அதற்குக் கீழேயே புல்லில் நடந்தோம். போன குளிர்காலத்தில் மேலிருந்து தவறிய கையுறைகள், ஒரு கறுப்புக் கண்ணாடி, யாரோ ஒருவரின் பாதிச் சாக்லேட். ஈக்கள் எங்களோடு உச்சி வரை வந்தன.

நாற்பத்து மூன்றாம் கம்பத்தின் அடியில் வளை தோண்டி வாழும் குட்டைக்கால் விலங்கான வாம்பட் ஒன்று சதுரம் சதுரமாகக் கழிந்து வைத்திருந்தது. பெரியப்பா அதைப் பூட்ஸால் ஓரம் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்த உரையை எடுத்தார். நான்கு பக்கம்.

மூன்றாம் பக்கத்தில் நான் விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தேன்.

பனி இல்லாமல் பார்க்கக்கூடாத இடம் அது. தரை அப்படியே கீழே விழுந்தது. பாறைகள் பல்லைக் காட்டின. ஓரடி பின்வாங்கினேன். இதிலா இறங்கினார், புயலில்? வீட்டுக் கூரையில் குப்பை அள்ள ஏணி ஏறாத மனிதர். அன்றுதான் முதன்முறையாக அவருடைய கதைக்கு நான் தலை வணங்கினேன்.

"லினெட், நம்ம நெவில் வீடு வந்து சேந்துட்டான்" என்று பெரியப்பா அம்மாவைப் பார்த்து முடித்தார்.

அம்மா பெட்டியைத் திறந்து கொஞ்சம் சாம்பலைக் காற்றில் விட்டாள். உடனே மூடினாள்.

"அவ்ளோதானா?" என்றார் பெரியப்பா.

"ஒல்லியான ஆளுதானே" என்றாள் அம்மா.

பெரியப்பா 'இந்தச் சரிவை வென்றவர்' என்று பொறித்த பித்தளைத் தகட்டைக் கம்பத்தில் பிளாஸ்டிக் பட்டையால் கட்டினார். நிர்வாகம் இன்னும் அனுமதி தரவில்லை. ஒரு நிமிடம் தொப்பியைக் கழற்றினார். ஈக்கள் காரணமாக அரை நிமிடத்தில் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது அவர் கார் முதல் வளைவில் மறைந்தது. அதற்காகவே காத்திருந்ததுபோல அம்மா என் தோளைத் தொட்டாள்.

"வண்டிய நிறுத்து, கண்ணு."

பட்டறைக்குப் பின்னால், கோடைப் பராமரிப்புக்காகக் கழற்றிய லிஃப்ட் நாற்காலிகள் புல்லில் வரிசையாக நின்றன. இருவர் உட்காரும் நாற்காலிகள். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு எண் தகடு.

அம்மா பெட்டியை அணைத்துக்கொண்டு எண்களைப் படித்தபடி நடந்தாள். 39. 40. 41. 42.

அடுத்ததில் இடதுபக்கமாக உட்கார்ந்தாள். வலதுபக்கத்தை விட்டுவைத்தாள். பெட்டியைத் திறந்து, மீதி அப்பா முழுவதையும் அந்தக் காலி இடத்துக்குக் கீழே, புல்லில், மெதுவாகக் கொட்டினாள்.

"பெரியப்பாகிட்ட மூச்சு விடாத."

பிறகு சொன்னாள். அன்று அப்பா உச்சியில் இறங்கி, விளிம்பு வரை போய், ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து, தன்னைக் கீழே கொண்டுபோய் விட முடியுமா என்று அவளிடம் கேட்டிருக்கிறார். நடுங்குகிறவரைத் தனியாக அனுப்பக்கூடாது என்பது அங்கே விதி.

"வழி பூரா கீழ பாக்கவே இல்ல. இந்த நம்பரையே பாத்துட்டு வந்தாரு. என் கையையும் விடல."

நாற்காலி அடிவாரம் வந்துசேரப் பதினோரு நிமிடம் ஆகும்.

அன்று அப்பாவின் சறுக்குக் கட்டைகள் அம்மாவின் மடியில் இருந்தன.