கொதிக்கவைத்த நொதி

கடலில் மூழ்கி இறந்த கணவன் பிரகாஷை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்த பிறகு, பவானி அன்றுதான் திருவொற்றியூர் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குத் திரும்பினாள். செடியின் மரபணுவைப் பாக்டீரியாவில் வைத்து அங்கே ஒரு நொதியைத் தயாரிப்பார்கள். அதைச் சேர்த்தால் சோதனைக் கரைசல் நீலமாகும். கொதிக்கவைத்த நொதி செத்துவிடும், நிறம் வராது. ஒப்பிட்டுப் பார்க்க அப்படியொன்றையும் தினமும் வைப்பார்கள்.

அன்று பவானி கொதிக்கவைத்தது நீலமானது. மேலதிகாரி சங்கமித்ரா தானே ஒன்றைக் கொதிக்கவைத்துப் பார்த்தாள். நிறம் வரவில்லை. பவானி அதே சோதனைக் குழாயைக் கையில் வாங்கியதும் நீலம் பரவியது.

"சூட்டுல செத்தது திரும்பி வருமாக்கா?" என்று பவானி கேட்டாள்.

"வராதும்மா. இன்னாவோ தப்பு நடந்துகீது."

மறுநாள் பவானி வரவில்லை. சங்கமித்ரா கவலையோடு ராயபுரத்தில் அவள் வீட்டுக்குப் போனாள். பவானி சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"உக்காருக்கா. அவரு குளிச்சிகினு கீறாரு, இதோ வந்துருவாரு."

உள்ளே யாரோ தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. குளியலறைக் கதவுக்கடியிலிருந்து வழிந்த தண்ணீர் சாம்பல் நிறமாக இருந்தது. சங்கமித்ரா கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.